ஆல்பா கதிர்: மிச்சமுள்ள செல்களுக்கு யார் கணக்கு வைப்பது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஆல்பா கதிர் சிகிச்சை (ஆல்பா துகளை வெளியிடும் மருந்தை ஊசியில் ஏற்றிப் புற்றுநோய் செல்லை அடிக்கும் முறை) பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தமிழில் இந்த மாதிரி விஷயத்தை எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதனால் எழுதியவரின் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளே மூன்று வரிகள் உறுத்துகின்றன. ‘ஒரு ஆல்பா துகள் பட்டால் ஒரு புற்றுநோய் செல் காலி’, ‘எக்ஸ்ரேயைவிட 20 மடங்கு வீரியம்’, ‘ஆய்வுக்கூடத்தில் 99 சதவீதச் செல்கள் அழிந்தன’. இந்த மூன்றையும் யாரோ வெட்டி எடுத்து, சுற்றிலும் பூப்படம் வைத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் அது போய்ச் சேராத குடும்பக் குழு இல்லை.

இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தோட்டம் செம்பனையாகி, லயம் இடிபட்டு, பிள்ளைகள் வாங்கிய தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிய பிறகுதான் நோய் இருப்பதே தெரிந்தது. அவர் மகனிடம் ஒரு தரகர் உங்கள் பத்திரிகை நறுக்கைக் காட்டி, ‘வெளிநாட்டில் இந்த ஊசி போட ஏற்பாடு செய்கிறேன் தம்பி, நூற்றுக்கு நூறு’ என்று சொல்லியிருக்கிறார். சேமநிதிப் பணத்தை எடுக்கலாமா, வீட்டை அடகு வைக்கலாமா என்று அந்தத் தம்பி அலைகிறான்.

நான் டாக்டர் இல்லை, இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். யார் எந்த மருந்தை எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த மூன்று வரிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ‘நூற்றுக்கு நூறு’ என்று எவனும் வாய் திறக்க மாட்டான்.

முதலில் ஆல்பாவின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது பொய் இல்லை. ஆல்பா துகள் என்பது ஹீலியம் அணுவின் கரு, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்தது. மருத்துவத்துக்குப் பயன்படும் தனிமங்கள் அதை 5 முதல் 9 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வெளியே தள்ளுகின்றன. அவ்வளவு ஆற்றல் இருந்தும் திசுவுக்குள் அது ஓடும் தூரம் 50 முதல் 100 மைக்ரோமீட்டர்தான், அதாவது சில செல்களின் அகலம். ஓடுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில், ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொட்டிவிட்டுப் போகிறது. காமா கதிர் விஷயத்தில் இது 1 கூட வராது. 100 என்ற அந்த அளவில் ஒரு அயனிக்கும் அடுத்த அயனிக்கும் உள்ள இடைவெளி 2 நானோமீட்டர், டிஎன்ஏ ஏணியின் அகலமும் அதேதான். அதனால் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்து, ஒட்டுப்போட முடியாத சேதமாகிவிடுகிறது. ஆக்சிஜன் எட்டாத கட்டியின் நடுப்பகுதியில் எக்ஸ்ரே தடுமாறும், அங்கே அதே வேலையை முடிக்கச் சுமார் 3 மடங்கு அளவு வேண்டியிருக்கும். ஆல்பாவுக்கு அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. இதையெல்லாம் உங்கள் கட்டுரையும் ஓரளவு சொன்னது, சரி.

இனி 99 சதவீதத்துக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் பிழைத்ததா என்று பார்ப்பதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. 1956இல் அமெரிக்காவின் டென்வரில் பக், மார்கஸ் என்ற இருவர் அதைக் கொண்டு முதன்முதலாக எந்த அளவு கதிருக்கு எத்தனை மனித செல்கள் பிழைக்கின்றன என்று காட்டும் வளைகோட்டை வரைந்தார்கள். கண்ணாடித் தட்டில் செல்களைத் தனித்தனியாகத் தூவி, கதிரைக் காட்டி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டுப் பார்ப்பது. ஒரு செல் பெருகி 50 செல்லாவது உள்ள ஒரு கூட்டமாக வளர்ந்திருந்தால் அது பிழைத்த கணக்கு. வளராமல் கிடந்தால், அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் செத்த கணக்குதான், ஏனென்றால் பெருக முடியாத புற்றுநோய் செல்லால் ஆபத்து இல்லை. நல்ல முறை, இன்று வரைக்கும் இதுதான் உரைகல். ஆனால் தட்டில் 100 செல்லில் 1 மிஞ்சியது என்பதைக் கட்டிக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு கிராம் எடையுள்ள கட்டியில், அதாவது ஒரு சுண்டுவிரல் நுனி அளவில், சுமார் 100 கோடி செல்கள் இருக்கின்றன. 99 சதவீதம் அழிந்தால் மிச்சம் 1 கோடி. அந்த 1 கோடியும் பெருகத் தெரிந்தவை. 99 என்ற எண் பரீட்சை மார்க்காக இருந்தால் மெச்சலாம், இங்கே அது தோல்வி.

அடுத்தது ‘ஒரு துகள், ஒரு செல்’. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே ஒரு கிரே (திசு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) அளவு கொடுத்தால் ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்குள்ளும் சுமார் 1000 எலக்ட்ரான் தடங்கள் ஓடும். ஆயிரம் என்னும்போது ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் பெரிய வித்தியாசம் வராது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அடி. ஆல்பாவில் அதே ஒரு கிரேவுக்கு ஓர் உட்கருவைக் கடப்பது சராசரியாக நாலைந்து துகள்தான். இவ்வளவு சின்ன எண் என்றால் அதிர்ஷ்டம் உள்ளே நுழைந்துவிடும். மரம் வெட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தூறல் ஆரம்பிக்கும்போது நிரையில் உள்ள மங்குகளில் (பால் பிடிக்கும் கிண்ணங்களில்) சராசரியாக மங்குக்கு 2 துளி விழுந்திருக்கிறது என்றால், எல்லா மங்கிலும் இரண்டிரண்டு துளி இருக்காது. ஒன்றில் ஐந்து இருக்கும், ஒன்றில் ஒன்று, நூற்றுக்குப் பதின்மூன்று மங்கு சொட்டுக்கூட விழாமல் காய்ந்து கிடக்கும். பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதற்குச் சூத்திரம் தந்திருக்கிறார். சராசரி 1 என்றால் 37 சதவீதம் அடிபடாமல் தப்பும், 2 என்றால் 13.5, 3 என்றால் 5, 5 என்றால் 0.7 சதவீதம்.

100 கோடி செல்லுக்கு இதைப் போட்டால் என்ன ஆகும்? செல்லுக்குச் சராசரி 10 துகள் என்றாலும் 45,000 செல்கள் ஒரு துகள்கூடப் படாமல் தப்பிக்கும். சராசரி 20 ஆனால் தப்புவது வெறும் 2 செல். அடேயப்பா, 20க்குக் கொண்டு போய்விட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். பட்டதும் சாகும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த 2. சாகிறதா?

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நுண்கற்றைக் கருவி ஒன்று இருக்கிறது, ஒரு செல்லின் உட்கருவைக் குறிவைத்து எண்ணி ஒரே ஒரு ஆல்பா துகளை அனுப்ப அதனால் முடியும். 1997இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? உட்கருவின் வழியாக ஒரு துகள் போன செல்களில் சுமார் 80 சதவீதம் பிழைத்துக்கொண்டன. பிழைத்தவற்றில் மரபணு மாற்றங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன, அது வேறு கவலை. அது எலியினத்து செல்லில் மனித குரோமோசோம் ஒன்றை வைத்துச் செய்த சோதனை, ஒவ்வொரு புற்றுநோய்க்கும் அதே எண் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்குக்கு அந்த 80ஐயே வைப்போம். ஒரு துகள் பட்டால் சாக ஐந்தில் ஒரு வாய்ப்பு. சராசரி 20 துகள் என்றால் இப்போது பிழைப்பது 1.8 சதவீதம். 100 கோடியில் அது 1 கோடியே 80 லட்சம் செல்.

மறுபடி பாருங்கள் ஐயா. அதே கட்டி, அதே மருந்து, அதே 20 துகள். ஒரு துகள் கொல்லும் என்று எழுதினால் மிச்சம் 2 செல், ஐந்தில் ஒன்றுதான் கொல்லும் என்று எழுதினால் மிச்சம் 1 கோடியே 80 லட்சம். ஒரே ஒரு அனுமானத்தை மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம். கட்டுரை அந்த அனுமானத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது, அதை வைத்துத்தான் இங்கே ஒருத்தன் வியாபாரம் பேசுகிறான்.

இன்னும் ஒன்று, மருந்து எல்லாச் செல்லிலும் சமமாக ஒட்டாது. ஆல்பா மருந்துகள் பெரும்பாலும் செல்லின் மேலுள்ள ஏதோ ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுகின்றன. அந்தப் புரதம் இல்லாத செல்லும் கட்டியில் இருக்கும். பாதிச் செல்லுக்கு 40 துகள், மீதிப் பாதிக்கு ஒன்றுமே இல்லை என்றால் சராசரி அதே 20 தான். அறிக்கையில் சராசரி டோஸ் அழகாக இருக்கும், கட்டியில் பாதி உயிரோடு இருக்கும். பீட்டா கதிர், அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான், மில்லிமீட்டர் கணக்கில் ஓடுவதால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து அடிக்கும், ஆல்பா நாலு செல் தள்ளி நின்றுவிடுகிறது. ஆரோக்கியமான திசுவைக் காப்பாற்றும் அதே குணம்தான் மருந்து ஒட்டாத புற்றுநோய் செல்லையும் காப்பாற்றுகிறது. எதிர்ப்பக்கமும் ஒரு விஷயம் உண்டு, மறைக்கக் கூடாது. அடிபடாத செல்லும் அடிபட்ட பக்கத்துச் செல்லின் தகவலால் பாதிக்கப்படும். 1992இல் நாகசாவா, லிட்டில் என்ற இரு ஆய்வாளர்கள், 100இல் ஒரு செல்லைக்கூட ஆல்பா கடக்காத அளவிலேயே 30 சதவீதச் செல்களின் குரோமோசோமில் மாற்றத்தைப் பார்த்தார்கள். ஆக, உண்மையான எண் கணக்கைவிடக் கூடவும் போகலாம், குறையவும் போகலாம்.

போதாததற்கு ஆக்டினியம் 225 போன்ற கதிரியக்கத் தனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 4 ஆல்பா துகள்களைத் தள்ளுகின்றன. முதல் துகள் கிளம்பும் வேகத்தில் மிச்ச அணு பின்னால் உதைபட்டு, பிணைத்து வைத்த மூலக்கூறிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். பிறகு வரும் மூன்றும் கட்டியில் வெடிக்கிறதா, ரத்தத்தில் சுற்றி சிறுநீரகத்தில் வெடிக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. எனக்கே இந்த இடத்தில் தலை சுற்றும், இதற்கென்றே மருத்துவ இயற்பியலாளர்கள் என்று ஒரு கூட்டம் வேலை பார்க்கிறது.

‘20 மடங்கு’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 20 கதிர்ப் பாதுகாப்புக்காகப் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் எண். ஆல்பா உடம்புக்குள் போனால் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயத்தை மதிப்பிட அதைப் பயன்படுத்துகிறார்கள், வேண்டுமென்றே தாராளமாக வைத்த எண். செல்லைக் கொல்லும் திறனுக்கு அது பொருந்தாது. செல்லைக் கொல்வதில் ஆல்பா எத்தனை மடங்கு என்று சோதித்தால் பெரும்பாலும் 3 முதல் 8க்குள் வருகிறது, அதுவும் எந்தச் செல், எந்த அளவு என்பதைப் பொறுத்து. அமெரிக்காவில் இந்த டோஸ் கணக்குகளை வகுக்கும் மிர்ட் குழு 2010இல் 5 என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. 5 எங்கே, 20 எங்கே?

தட்டை விட்டு மனிதனுக்கு வந்தால் என்ன தெரிகிறது? ரேடியம் 223 தான் முதலில் அங்கீகாரம் பெற்ற ஆல்பா மருந்து, அமெரிக்காவில் 2013 மே மாதம். ரேடியம் கால்சியத்தின் உறவுக்காரன், அதனால் எலும்பில் புற்றுநோய் அரிக்கும் இடத்தைத் தானே தேடிப் போகும். நாலு வாரத்துக்கு ஒரு ஊசி வீதம் ஆறு ஊசி. 921 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்கள் வாழ்ந்த நடுக்கணக்கு (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 14.9 மாதம், பெறாதவர்களுக்கு 11.3 மாதம். மூன்றரை மாதம் கூடுதல், வலியும் எலும்பு முறிவும் தள்ளிப் போயின. இது சாதாரண விஷயம் இல்லை, ஒரு குடும்பத்துக்கு மூன்றரை மாதம் என்றால் ஒரு தீபாவளி, ஒரு பேரப்பிள்ளை. ஆனால் முற்றுப்புள்ளி இல்லை. அப்புறம் அதே ரேடியத்தை அபிராட்டரோன் என்ற மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் எலும்பு முறிவு கூடியதால் அந்தச் சேர்க்கை வேண்டாம் என்று எச்சரித்தார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் இருக்கிறதே, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியாக இருந்த மனிதர் சிகிச்சைக்குப் பிறகு சுத்தமாகிவிட்ட ஸ்கேன் படம், அந்த மாதிரிப் படங்கள் 2016இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையோடுதான் உலகம் முழுக்கப் பரவின. ஆக்டினியம் 225 கொடுத்த இரண்டு நோயாளிகள். படம் உண்மை, நானும் பார்த்து அசந்துதான் போனேன். ஆனால் அது இரண்டே பேர். அதே மருந்து உமிழ்நீர்ச் சுரப்பியிலும் போய் ஒட்டுவதால் வாய் வறண்டு, சோறு விழுங்க முடியாமல் சிகிச்சையை நிறுத்திக்கொண்டவர்களும் பிறகு இருந்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றும் பொருளில்லை. ஒரு மில்லிமீட்டர் உருண்டைக்குள் லட்சக்கணக்கில் செல்கள் அடங்கும், அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. பிழைக்கும் செல்லைக் கணக்குப் போடுவது புற்றுநோய்க்கு மட்டும் இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பி, எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம் ஆகியவற்றில் எத்தனை நல்ல செல் பிழைக்கும் என்பதற்கும் அதே கணக்குதான். அங்கே நமக்குப் பிழைப்பு வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் வெள்ளீயச் சுரங்கக் கழிவான ஆமாங் மண்ணிலிருந்து அரிய உலோகம் பிரித்த தொழிற்சாலையையும், தோரியக் கழிவுக்கு எதிராக மக்கள் போராடியதையும், 1994இல் அது மூடப்பட்டதையும் யாரும் மறக்கவில்லை. ‘தோரியமும் ஆல்பாதானே சார், அன்றைக்கு விஷம், இன்றைக்கு மருந்தா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துகள் ஒன்றுதான். ஆல்பா சிகிச்சைக்காக இப்போது சோதிக்கப்படும் ஈயம் 212 கூட அந்தத் தோரியம் 232 சிதையும் வரிசையில் பிறப்பதுதான். தோலின் மேல் பட்டால் இறந்த தோலையே தாண்டாத ஆல்பா, மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போய் நுரையீரலிலும் எலும்பிலும் வருடக்கணக்கில் தங்கினால் விஷம். ஈயம் 212இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், பத்தரை மணி நேரம். அதை அளந்து, கட்டியைத் தேடும் மூலக்கூறில் பிணைத்து, ஆஸ்பத்திரியில் ஏற்றினால் மருந்து.

ஆசிரியர் ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆல்பா சிகிச்சை பற்றி எழுதுங்கள், நிறுத்தாதீர்கள், நம் ஆட்கள் ஆங்கிலத்தில் தேடிப் படிக்க முடியாது. ஆனால் எண் ஒன்றைப் போடும்போது அது தட்டில் வந்த எண்ணா, எலியில் வந்ததா, நோயாளியில் வந்ததா என்று பக்கத்திலேயே போடுங்கள். நோயாளி என்றால் எத்தனை பேர், எத்தனை மாதம் என்று போடுங்கள். அரசு மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பிரசுரித்தால் இன்னும் நல்லது.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு: தரகரிடம் பேசுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் போய், அப்பாவின் கட்டியில் மருந்து ஒட்டும் அந்தப் புரதம் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தீர்களா, எலும்பு மஜ்ஜை தாங்குமா, இதே மருந்து இங்கே பினாங்கிலோ புத்ராஜெயாவிலோ கிடைக்க வழி இருக்கிறதா, பீட்டா மருந்து முதலில் முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். யாராவது நூற்றுக்கு நூறு என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.